சில வேளை மட்டும் கிளம்பாத வண்டி

அடியோடு நின்றுவிட்ட வண்டியைச் சீர்ப்படுத்துவது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு அத்தனை பெரிய காரியமல்ல. அதன் குற்றம் தேடுகிறவர் கைக்கு அகப்படும் வரையில் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. காலையில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் கிளம்பி, சந்தைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்து, சாமான் வாங்கித் திரும்புவதற்குள் மௌனம் சாதித்து, வழியில் போகிற நாலு பேரைக் கூட்டித் தள்ளவும் வைத்து, பிறகு மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்ததும் ஒரு குறையும் இல்லாததுபோல ஓடத் தொடங்குகிற வண்டிதான் அவருடைய சாமர்த்தியம் முழுவதையும் சோதித்துவிடுகிறது. ‘இந்த வண்டிக்கு அது ஒரு சுபாவம்’ என்று சொந்தக்காரர் சலித்துக்கொள்வார். ஆனால் இரும்புக்கும் செம்புக்கும் பௌதிக விதிகளுக்குக் கீழ்ப்படிவதைத் தவிர வேறு சுபாவம் கிடையாது. முறைக்காய்ச்சல் கண்ட நோயாளி வைத்தியரிடம் வந்து சேரும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருந்தாலும் நோய் அவனுடைய இரத்தத்தில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அது போலவே, ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டியிலும் குற்றம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அது வெளிப்படுவதற்கு உஷ்ணமோ, ஈரமோ, அதிர்ச்சியோ, ஏதோ ஒரு நிபந்தனை வேண்டியிருக்கிறது. அந்த நிபந்தனை எது என்று அறிந்துகொள்வதே இந்தத் துறையில் பாதிக்கு மேற்பட்ட வேலை என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டில் இதைப் பற்றிப் பேசும்போது அம்பாஸிடர் காரை முன்னால் நிறுத்திக்கொள்வது பொருத்தம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் உற்பத்தியாகத் தொடங்கி, 2014-ஆம் ஆண்டு வரையில் வெளிவந்த அந்த வண்டி, கலெக்டரின் வாகனமாகவும் கல்யாண ஊர்வலத்தின் வாகனமாகவும் வாடகை ஸ்டாண்டின் பிழைப்பாகவும் நம் ஊர்களில் நெடுங்காலம் உழைத்தது. அதன் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பழைய பெட்ரோல் என்ஜினில் கம்ப்யூட்டர் ஏதும் இல்லை. காரணகாரியத் தொடர் முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும், பம்பாயின் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த வண்டிகளைக் கிளப்பும் முறைகள் இரண்டுமே ஒரே மனிதருடைய மூளையில் உருவெடுத்தவை என்பது விசேஷமானது. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் என்பவர், பாட்டரியையும் காயிலையும் கொண்டு பொறி உண்டாக்கும் முறையை முதலில் செம்மைப்படுத்திவிட்டு, பின்னர் 1911-இல் மின்சாரத்தால் என்ஜினைச் சுழற்றும் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் அமைத்துக் கொடுத்தார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்கள் அதைத் தாங்கி வந்தன. அதற்கு முன்பு, வண்டியின் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுழற்றுகிறவர், என்ஜின் எதிர்த்து உதைத்தால் கையெலும்பு முறிகிற அபாயத்தைத் தினந்தோறும் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆகவே, கிளம்ப மறுக்கும் பழைய வண்டியின் முன்னால் நாம் நிற்கும்போது, உண்மையில் கெட்டரிங்கின் இரண்டு படைப்புகளில் எது தவறியது என்ற கேள்வியின் முன்னால்தான் நிற்கிறோம். செல்ஃப் எடுக்கவில்லையா, அல்லது செல்ஃப் எடுத்தும் என்ஜின் பிடிக்கவில்லையா? வண்டியைக் கொண்டுவருகிற பலர் இவ்விரண்டையும் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவதால், மெக்கானிக்கின் நேரம் வீணே கழிகிறது.

செல்ஃப் எடுக்காத வண்டியை முதலில் பார்ப்போம். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சப்தம் மட்டும் கேட்கிறது, என்ஜின் அசையவில்லை. ஹாரன் அடித்தால் கணீரென்று ஒலிக்கிறது. விளக்கைப் போட்டால் பிரகாசமாக எரிகிறது. ‘பாட்டரி நன்றாயிருக்கிறது, செல்ஃப் மோட்டார்தான் போய்விட்டது’ என்று தீர்மானித்து மோட்டாரைக் கழற்றுகிறார்கள். இந்த அனுமானத்தில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஜெர்மன் தேசத்து உபாத்தியாயர் கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு அதை வெளியே இழுத்துவிடலாம். ஒரு கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டத்தையும் அதன் தடையையும் பெருக்கினால் கிடைப்பது. பாட்டரி முனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் இடையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பு, ஓர் ஓமில் நூறில் ஐந்து பங்கு தடையை உண்டாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஹாரனுக்கு 4 ஆம்பியர் போதும், இழப்பு 0.2 வோல்ட், ஹாரனின் தொனியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. செல்ஃப் மோட்டாரோ சுழலும்போதே 150 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கிறது, அசையத் தொடங்கும் கணத்தில் அதைவிடவும் அதிகமாகக் கேட்கிறது; அதே தடையில் அத்தனை மின்சாரம் ஓட முயன்றால் 7.5 வோல்ட் அந்த உப்பிலேயே உஷ்ணமாகச் செலவழிந்துவிடும். 12 வோல்ட் பாட்டரியில் எஞ்சுவது மோட்டாருக்கு எவ்வாறு போதும்? விளக்கு எரிவது பாட்டரியில் ஏதோ மின்சாரம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

இந்தத் தடை ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமற்போவதற்கும் காரணம் உண்டு. உப்புப் படலத்தின் ஊடே ஈயமும் ஈயமும் ஊசிமுனை அளவில் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள், வண்டி குலுங்கும்போது ஒரு சமயம் கூடும், ஒரு சமயம் குறையும். சோதிக்க வந்தவர் கேபிளை இலேசாக அசைத்ததே தற்காலிகச் சிகிச்சையாகிவிடும். என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டையான எர்த் இணைப்பைப் பெரும்பாலோர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ, மோட்டாரிலிருந்து திரும்பவேண்டிய மின்சாரம் வேறு வழி தேடுகிறது. சோக் கம்பியும் ஆக்ஸிலரேட்டர் கம்பியும் அதற்கு அகப்படுகின்றன. செல்ஃப் அடிக்கும்போது சோக் கம்பியின் உறை சூடேறினால், சில சமயம் புகையே கிளம்பினால், எர்த் பட்டையைத் தவிர வேறெங்கும் தேடவேண்டியதில்லை. ஒரு சிறு வோல்ட் மீட்டர் இருந்தால் இதையெல்லாம் எதையும் கழற்றாமலே நிர்ணயித்துவிடலாம்: உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை என்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்தால், நல்ல இணைப்பில் முள் ஏறக்குறைய அசையாது, அரை வோல்ட்டைத் தாண்டி ஏறினால் நோய் அங்கேதான். கம்பத்துக்கும் கிளாம்புக்கும், கிளாம்புக்கும் மோட்டாருக்கும் இதே பரீட்சையைச் செய்யலாம். பாட்டரியின் இரு கம்பங்களுக்கு நடுவில், செல்ஃப் அடிக்கும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமலிருந்தால், பாட்டரியை நிரபராதி என்று விட்டுவிடலாம். வண்டி கிளம்பாத அந்த வேளையில் அளந்தால்தான் இவையெல்லாம் பயன்படும். கிளம்பும் வேளையில் எல்லா அளவும் சரியாகவே இருக்கும்.

வழியெல்லாம் சரியாயிருந்தும் மோட்டார் சில வேளை மட்டும் அசையாவிட்டால், அதனுள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங்கின் அழுத்தம் எட்டாமல், சுழலும் செப்புப் பட்டைகளின்மேல் பட்டும் படாமலும் நிற்கக்கூடும். சுத்தியலால் மோட்டாரின் உடம்பில் மெல்லத் தட்டினால் உடனே எடுக்கிறது என்றால் ஐயம் வலுக்கிறது. தட்டுவதையே வைத்தியமாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செப்புப் பட்டைகளும் சேர்ந்து கெட்டுப்போகின்றன. வேறொரு வகை, மோட்டார் வேகமாகச் சுழலும் இரைச்சல் கேட்டும் என்ஜின் சுழலாதது. நான்கு சிலிண்டர் என்ஜின் அணையும்போது, ஏதாவதொரு பிஸ்டன் காற்றை அழுத்தத் தொடங்கும் எதிர்ப்பால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றிலேயே வந்து நிற்கிறது. ஆகவே ஃபிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் அந்த இரண்டு இடங்களில் உள்ள பற்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் அடிபட்டுத் தேய்ந்துபோகின்றன. தேய்ந்த இடத்தில் நின்றால், மோட்டாரின் பல்சக்கரமான பென்டிக்ஸ் பற்றாது. கொஞ்சம் விலகி நின்றால் பற்றிவிடும். சாவியை எடுத்துவிட்டு, வண்டியை டாப் கியரில் வைத்து ஒரு முழம் முன்னே தள்ளிய பிறகு எடுக்கிறதென்றால், பற்களைப் பார்க்கவேண்டும். முதல் நோட்டத்தில் வெறும் அதிர்ஷ்டமாகத் தோன்றுகிற ஒன்று இத்தனை ஒழுங்கான வடிவத்தைத் தனக்குள் வைத்திருப்பதைக் காணும்போது எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

இனி, செல்ஃப் நன்றாக எடுத்தும் பிடிக்காத என்ஜின். அதற்கு வேண்டியவை பொறி, பெட்ரோல் இரண்டும். வேளை தப்பாமலும் அளவு தப்பாமலும் வேண்டும்.

பொறியின் பிறப்பை ஒரு முறை மனத்தில் நிறுத்திக்கொண்டால் அதன் நோய்கள் தாமே விளங்கும். காயிலில் தடித்த கம்பியின் சில நூறு சுற்றுகளும், அதே இரும்பின்மேல் மயிர்போன்ற கம்பியின் பல ஆயிரம் சுற்றுகளும் இருக்கின்றன. முதற் சுற்றில் ஓடும் நாலு ஆம்பியர் மின்சாரத்தை, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் திடீரென்று பிரிந்து நிறுத்துகிறது. காந்தப் புலம் சரிகிற அந்தக் கணத்தில், ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தூண்டல் விதிப்படி, மறு சுற்றில் 10,000 வோல்ட்டையும் தாண்டிய அழுத்தம் எழுந்து, பிளக்கின் இடைவெளியைப் பொறியாகக் கடக்கிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜினில் இது வினாடிக்கு 100 தடவை நடக்கிறது. பாயின்ட் பிரிந்து நிற்கும் அளவு 0.4 மில்லிமீட்டர்தான், அதன் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கி, ஓடும் என்ஜினுக்குப் போதுமான பொறியே கிளம்பும் என்ஜினுக்குப் போதாமற்போகிறது.

கிளம்பும் வேளையில் மட்டும் ஏன் போதாமற்போகவேண்டும்? செல்ஃப் மோட்டார் பாட்டரியை உறிஞ்சும்போது 12 வோல்ட் 9 வோல்ட்டாக இறங்கினால், காயிலில் ஓடும் மின்சாரம் முக்காலாகிறது. காயிலில் சேரும் சக்தியோ மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், பதினாறில் ஒன்பது பங்காக, ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. என்ஜினைச் சுழற்றத் திராணியுள்ள பாட்டரி, சுழற்றிக்கொண்டே பொறியும் கொடுக்கத் திராணியற்றதாகிறது. வெகுநேரம் அடித்தும் பிடிக்காத என்ஜின், சலிப்போடு சாவியை விடுகிற அதே கணத்தில் ஓர் உதை உதைத்து உயிர்பெறுவதை ஓட்டுநர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அந்தக் கணத்தில் பாட்டரியின் பாரம் இறங்கி, காயிலுக்கு முழு அழுத்தம் திரும்பியதே அதன் இரகசியம். தள்ளினால் உடனே பிடிக்கிறது என்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்கு வருகிற ஒரு சிறிய வளையும் கம்பி உண்டு. என்ஜினின் உறிஞ்சலுக்கேற்பப் பொறியின் வேளையை முன்பின்னாக நகர்த்துவதற்காக, பாயின்ட் தாங்கிய தட்டு ஓயாமல் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டேயிருக்கும். கூடவே அந்தக் கம்பியும் வளைந்து நிமிர்ந்துகொண்டேயிருக்கும். பல வருஷங்களில், உறைக்குள் இருக்கும் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, உறை மட்டும் முழுசாக நிற்கிறது. அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் வண்டி ஓடும். தட்டு சற்றுத் திரும்பி நின்றால் ஓடாது. கண்ணால் பார்த்தால் கம்பி புத்தம் புதியதுபோல இருக்கும். இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் உள்ளே எலும்பில்லாததுபோல நீளும். புது காயில், புது பாயின்ட், புது பிளக் எல்லாம் வாங்கிப் போட்டும் தீராத நோய் ஒன்று இந்தக் கம்பியில் முடிந்ததைப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள். அதன் அருகிலேயே இருக்கும் கண்டன்சர், பாயின்ட் பிரியும்போது தீ பறக்காமல் காத்து மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்த உதவுவது. அதனுள் இருக்கும் இணைப்பு உஷ்ணத்தில் விலகி, குளிர்ந்தால் சேர்ந்துகொள்ளும் தன்மையடைந்தால், வண்டி சூட்டில் மட்டும் மறுக்கும். நல்ல கண்டன்சர் ஒன்றை வெளியிலிருந்தே இணைத்துப் பார்த்துவிட்டு, பொறி உடனே தடித்து நீலமாகிறதா என்று கவனித்தால் போதும்.

ஐப்பசி கார்த்திகை மழையில், விடியற்காலையில் மட்டும் மறுத்து, வெயில் ஏறியதும் கிளம்புகிற வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியே முதற் குற்றவாளி. அதன் மேல் படிந்த தூசியில் ஈரம் சேர்ந்தால், பிளக்குக்குப் போகவேண்டிய உயர் அழுத்தம் மேற்பரப்பிலேயே ஊர்ந்து இரும்பில் இறங்கிவிடும். ஊர்ந்த தடத்தில் மூடி கருகிக் கரியாகி, அடுத்த முறைக்குப் பாதையை மேலும் செவ்வைப்படுத்தும். நல்ல இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் கையை எட்ட வைத்துக்கொண்டு பார்த்தால், நீலநிறப் பொறிகள் மூடியின்மேல் ஓடுவது தெரியும்.

பெட்ரோலின் சங்கதி வேறு. அதில் பெரும்பாலும் உஷ்ணமே வில்லன். பெட்ரோல் ஒரே பொருளன்று, பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்ஸியஸுக்கு உள்ளாகவே கொதிக்கத் தொடங்குகின்றன. அம்பாஸிடரின் என்ஜினிலோ, பெட்ரோல் கலவை உள்ளே போகும் குழாயும் எரிந்த வாயு வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், கார்புரேட்டர் அந்தக் கனலுக்கு அண்டை வீட்டுக்காரராகவே இருக்கிறது. ஓடும் வரையில் விசிறியின் காற்றும் ரேடியேட்டரின் நீரோட்டமும் உஷ்ணத்தைக் கொண்டுபோய்விடும்; அணைத்துவிட்டாலோ அவ்விரண்டும் நின்று, இரும்பில் தேங்கிய உஷ்ணம் மேலே ஏறி, கால் மணி அரை மணி நேரத்துக்குக் கார்புரேட்டரையும் பெட்ரோல் பம்ப்பையும் வாட்டுகிறது. ஆகையினால்தான், அணைத்த உடனே அடித்தால் பிடிக்கிற வண்டி, கடைக்குள் போய்வந்தபின் அடித்தால் மறுக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் சாதுவாகிவிடுகிறது. இந்த மூன்று வேளைகளின் வித்தியாசமே ஒரு நோய்க்குறி.

ஆனால் அந்த உஷ்ணம் இரண்டு எதிரெதிரான நோய்களை விளைவிக்கும் என்பதால் அவசரப்படக்கூடாது. குழாயில் ஆவி அடைத்துக்கொண்டு பெட்ரோல் வராமற்போவது ஒன்று. ஓட்டுநர்கள் ஏர் லாக் என்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது, என்ஜின் பாரத்தில் திணறிச் சூடேறுவதும், மெதுவாகப் போவதால் காற்று குறைவதும், 2200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வாயுமண்டல அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்காகி பெட்ரோல் இன்னும் எளிதில் கொதிப்பதும் ஒன்றாகக் கூடுகின்றன; அங்கே பம்ப்பின்மேல் ஈரத்துணியைப் போட்டு நிற்கிற டாக்ஸி ஓட்டுநர் பெரியதோர் உண்மையைப் பரீட்சித்துக்கொண்டிருக்கிறார். ஈரத்துணியில் தீர்ந்தால் ஏர் லாக்; தீராவிட்டால் வேறெதுவோ. மற்றது, கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்துப் பொங்கி உள்ளே வழிந்து, அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுவது. அப்போது வாசனை மூக்கைத் துளைக்கும். பிளக்கைக் கழற்றினால் கறுத்து நனைந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை மறுபடி மறுபடி மிதித்தால் நிலைமை மோசமாகும். ஒரே அழுத்தாகத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், காற்று மிகுந்து உட்புகுந்து கிளம்பிவிடும். பட்டினிக்கும் அஜீரணத்துக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாதல்லவா?

டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டு உள்ளே வெற்றிடம் ஏற்படுவதும், டாங்க்கில் உதிர்ந்த துரு உறிஞ்சுகுழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு வண்டி நின்றதும் கீழே உதிர்ந்துவிடுவதும் உஷ்ணத்தைப்போலவே நடிக்கும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்தால் முதலாவதை உடனே அறியலாம்.

இவ்வளவு காரணங்களில் எது என்று தேர்ந்தெடுக்கும் முறைக்கு நம்முடைய தர்க்க சாஸ்திரம் அன்வயம், வியதிரேகம் என்று பெயரிட்டிருக்கிறது: காரணம் இருக்கும்போது காரியம் இருக்கவேண்டும், காரணம் நீங்கினால் காரியமும் நீங்கவேண்டும். இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் தமது தர்க்க நூலில் வகுத்த முறைகளும் இந்த அடிப்படையில் நிற்பவையே. உஷ்ணம் என்று சந்தேகித்தால், தலைமயிர் உலர்த்தும் கருவியால் கண்டன்சரை மட்டும் சூடேற்றிப் பார்க்கவேண்டும். ஈரம் என்று சந்தேகித்தால் மூடியின்மேல் மட்டும் நீரைத் தெளித்துப் பார்க்கவேண்டும். கம்பி என்று சந்தேகித்தால் என்ஜின் ஓடும்போதே அந்தக் கம்பியை மட்டும் உலர்ந்த மரக்குச்சியால் அசைத்துப் பார்க்கவேண்டும். நோயைத் தானாக வரும்வரையில் எதிர்பார்க்காமல் வேண்டுமென்றே வரவழைத்து, பின் அதே நிபந்தனையை நீக்கிப் போகவும் செய்கிறவரே காரணத்தைக் கண்டவர். காயில், பாயின்ட், கண்டன்சர், பிளக், பம்ப் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்கிறவர் ஒன்றையும் கண்டவரல்லர். வண்டி அடுத்த பத்து நாள் ஓடினால்கூட, குற்றம் போயிற்றா, நிபந்தனை வரவில்லையா என்று அவரால் சொல்ல முடியாது. அத்துடன், தளர்ந்த இணைப்புகள் அவருடைய கை பட்டே இறுகியிருக்கக்கூடும். சாட்சியங்கள் அத்தனையும் அன்றே அழிந்துபோயின. பழைய வண்டிகளைக் காப்பாற்ற விரும்புகிறவர்களின் பணத்தையும் பொறுமையையும் இந்தப் பழக்கம்தான் தின்றுவிடுகிறது என்று வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. டாஷ்போர்டில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மறுக்கிற ஒவ்வொரு தடவையும், செல்ஃப் எடுத்ததா இல்லையா, என்ன சப்தம் கேட்டது, அணைத்து எவ்வளவு நேரமாயிற்று, மழையா வெயிலா, டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, பெட்ரோல் வாசனை வந்ததா, கடைசியில் எதைச் செய்தபோது கிளம்பிற்று என்பவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவது பயன்படாது. சோதிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும். சூடான என்ஜினுக்கு அருகில் பெட்ரோல் குழாயைக் கழற்றாதீர்கள். மெக்கானிக்கிடம் புத்தகத்தைக் காட்டி, ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, தேதி எழுதிக் கட்டி வையுங்கள். அதே நோய் திரும்பி வந்தால், அந்தப் பாகத்தின்மேல் சாட்டிய குற்றம் நிரூபணமாகவில்லை என்று பொருள். அதை மறுபடியும் பொருத்திப் பாருங்கள்; நன்றாக வேலை செய்தால், தூர தேசப் பிரயாணங்களில் கைவசம் வைத்துக்கொள்ள அதைவிட நல்ல உபரிப் பாகம் கடையில் கிடைக்காது.